லேப்டாப் பாட்டு ஸ்டீரியோவுக்குப் போகிற வழியில் எங்கே தேய்கிறது?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். லேப்டாப்பில் பாட்டுகள் இருக்கின்றன. பாதி சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் கோப்புகள் (எதையும் இழக்காமல் சுருக்கியவை), மீதி பழைய எம்பி3 (கொஞ்சம் இழந்து சுருக்கியவை). ஹாலில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரைச் செருகி, அதன் வழியாகக் கேட்கிறார். அதே ஆம்ப்ளிஃபயரில் சிடி போட்டால் பாட்டு பளிச்சென்று இருக்கிறதாம். லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல மந்தமாக இருக்கிறதாம். வயர் இல்லாமல் அனுப்பினால் இப்படித்தான் இருக்குமா, நல்ல டிஏசி ஒன்று வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

டிஏசி வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். டிஏசி என்பது எண்களை மின்னலையாக மாற்றுகிற சிப். அதன் கைக்கு வருவதற்கு முன்பே பாட்டு தேய்ந்திருந்தால், எவ்வளவு உசத்தியான டிஏசியும் அந்தத் தேய்மானத்தைத்தான் சுத்தமாக வாசித்துக் காட்டும். உங்கள் ரிசீவருக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு டிஏசி இருக்கிறது. அது சுமாரானதாக இருக்கலாம், ஆனால் சுமாரான டிஏசி போர்வை போர்த்தாது. அந்த அளவுக்கு மந்தம் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

வயர்லெஸ் மேல் பழி போடுவதும் சரியில்லை. காற்றில் போவது எண்கள். எண் வந்து சேரும், அல்லது சேராது. 7 என்று அனுப்பியது மங்கலான 7 ஆக வந்து இறங்குவது கிடையாது. சேராவிட்டால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும், சட்டென்று நிற்கும், மந்தமாகாது. பழைய எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்களின் கதை வேறு. அதில் இரைச்சலும் கூடவே வரும், 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்பவும் வழியில்லை. வயர்லெஸ் என்றாலே தரம் குறைவு என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஒலி கெடுவது காற்றில் ஏறுவதற்கு முன்னால், இல்லையென்றால் காற்றிலிருந்து இறங்கிய பிறகு.

இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அதைப் பார்க்கக் காசு செலவில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் இதே புகார். நானும் பெரிய மேதாவி மாதிரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் டிரைவர், கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை), அமைப்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள், வேறெதற்கோ ஆம்ப்ளிஃபயரை நகர்த்தியபோது பின்பக்கம் தெரிந்தது: ரிசீவரின் சிவப்பு, வெள்ளை பின்கள் இரண்டும் ‘ஃபோனோ’ என்று எழுதிய சாக்கெட்டில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தன. ஃபோனோ என்றால் இசைத்தட்டு சுழற்றியின் ஊசிக்கான இடம். இசைத்தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த சுருதிகளை அடக்கி, உயர்ந்த சுருதிகளைத் தூக்கி வெட்டுவார்கள். ஃபோனோ சாக்கெட்டின் வேலை அதைத் திருப்பிப் போடுவது. 1954 முதல் நடைமுறையில் இருக்கும் ஆர்ஐஏஏ வளைவு என்பது அதுதான். 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் தூக்கும், 20 கிலோஹெர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் அமுக்கும். சாதாரண பாட்டை அதில் கொடுத்தால் பேஸ் வழிந்து, சிம்பல் காணாமல் போகும். போர்வை என்று நீங்கள் சொல்வது அப்படியே அதுதான். அந்த சாக்கெட் சில மில்லிவோல்ட்டுக்குத் தயாராக இருப்பது. ரிசீவர் தருவதோ வோல்ட் கணக்கில். அதனால் சத்தம் பிளிறும். நண்பர் அது பிளிறாமல் இருக்க லேப்டாப் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துப் பழகிவிட்டிருந்தார், அதனால்தான் எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. பின்னை ‘ஆக்ஸ்’ சாக்கெட்டுக்கு மாற்றிய நொடியில் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போய்ப் பாருங்கள். ஆக்ஸ், லைன் இன், டேப், சிடி, டியூனர் எதுவானாலும் பரவாயில்லை. ஃபோனோ கூடாது.

அங்கே போனதோடு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் ஜாக் அரைகுறையாக நின்றால், நடுவில் பாடும் குரல் மட்டும் குகைக்குள் போய்விடும், பின்னணி வாத்தியங்கள் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு, பாட்டில்லாதபோது ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டால் அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ரிசீவருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்; ரிசீவரின் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் ‘கிர்ர்’ என்று ஒரு மெல்லிய கீச்சலைச் சேர்ப்பதுண்டு. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் சாக்கெட் இருந்து, ரிசீவரிலும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒளியில் மின்சாரம் ஓடாது, முனகலுக்கு வழியே இல்லை.

இனி லேப்டாப் பக்கம். பாட்டு மந்தமாக மட்டுமில்லாமல் டெலிஃபோனில் கேட்பதுபோல இருந்தால், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வந்தால், குற்றவாளி யார் என்பது தெளிவு. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் உள்ள ரிசீவர் என்றால் கம்ப்யூட்டருக்கு இரண்டு சாதனங்களாகத் தெரியும்: ஒன்று ஸ்டீரியோ, இன்னொன்று ஹேண்ட்ஸ்ஃப்ரீ. ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்துவிட்டால், வீடியோ அழைப்புக்கான ஒரு ஜன்னல் பின்னால் மறந்து கிடந்தாலே போதும், பாட்டு பேச்சு வழிக்கு மாறிவிடும். அங்கே மோனோ மட்டும்தான்; ஒரு வினாடிக்கு ஒலியை 8,000 அல்லது 16,000 தடவை அளந்து எடுத்த மாதிரிகள். அதாவது அதில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கோ 8 கிலோஹெர்ட்ஸுக்கோ மேலே இருப்பதெல்லாம் வெட்டப்படும். புளூடூத் சாதனத்தின் பண்புகளுக்குள் போய் ஹேண்ட்ஸ்ஃப்ரீ சேவையை அணைத்துவிடுங்கள். விண்டோஸின் புதிய பதிப்புகளில் இரண்டும் ஒரே பெயரில் காட்டப்படுவதால் மாறியதே தெரியாமல் போகலாம். அப்போது லேப்டாப்பின் சொந்த மைக்கை இயல்பான மைக்காக வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

அடுத்தது கோடெக், எல்லோரும் பேசுவது. சிடியின் கணக்கு எளிது: ஒரு வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் வினாடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண புளூடூத் இதை அப்படியே தூக்காது. எல்லா புளூடூத் ஸ்டீரியோ சாதனங்களும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய எஸ்பிசி என்ற கோடெக், நல்ல நிலையில் வினாடிக்கு 328 கிலோபிட்டில் அனுப்பும். உள்ளே அது செய்வது இது: 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை 8 பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் சத்தம் அதிகமோ அதற்கு அதிக பிட் கொடுக்கும், மற்றதற்குக் கிள்ளிக் கொடுக்கும். ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 2.75 கிலோஹெர்ட்ஸ் அகலம். காது இதைவிட நுணுக்கமாகப் பிரித்துக் கேட்கும். அதனால் கைதட்டல், மழைச் சத்தம், விடாமல் அடிக்கும் சிம்பல் போன்ற, எல்லாப் பட்டையிலும் ஒரே நேரத்தில் சத்தம் இருக்கிற இடங்களில் பிட் போதாமல் போய் ஒலி நொறுநொறுவென்று மாவாகும். தனிக்குரலும் ஒரு வாத்தியமும் உள்ள பாட்டில் அநேகமாக ஒன்றும் தெரியாது.

எஸ்பிசியைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில், 328இல் ஓடும் எஸ்பிசி அவ்வளவு மோசமில்லை. சிக்கல், அது 328இல் ஓடுகிறதா என்பதுதான். அனுப்பும் சாதனமும் பெறும் சாதனமும் பேசிவைத்துக்கொண்டு ஒரு அளவை முடிவு செய்கின்றன. மலிவான ரிசீவர் குறைவாகக் கேட்டால் அல்லது இணைப்பு தடுமாறினால் 200 சொச்சத்துக்கு இறங்கிவிடும். யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மற்ற கோடெக்குகள்: ஏஏசி, நல்ல முறையில் சுருக்கினால் 256 கிலோபிட்டிலேயே எஸ்பிசியைத் தாண்டும், ஆனால் சுருக்குகிற மென்பொருளைப் பொறுத்தது, மேக்கில் நன்றாக இருக்கும். ஆப்ட்எக்ஸ் சிடியின் அளவைச் சரியாக நாலில் ஒன்றாக்கி 352இல் அனுப்பும். ஆப்ட்எக்ஸ் எச்டி 576. சோனியின் எல்டாக் 330, 660, 990 என்று மூன்று படிகளில் ஏறி இறங்கும். பெட்டியில் 990 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், சுவர் ஒன்று குறுக்கே வந்தால் 330க்கு வந்து நிற்கும். எதுவானாலும் இரண்டு முனையும் அதை அறிந்திருக்க வேண்டும். ரிசீவரின் பெட்டியில் எல்டாக் என்று போட்டிருப்பதால் மட்டும் பயனில்லை, ஏனென்றால் விண்டோஸில் தானாக எல்டாக் கிடையாது. எஸ்பிசி, ஆப்ட்எக்ஸ், விண்டோஸ் 11 முதல் ஏஏசி, வழக்கமாகக் கிடைப்பவை இவைதான். லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் ஓடுகிறது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கோடெக்கைக் கையாலேயே தேர்ந்தெடுக்கலாம், எஸ்பிசியையே வினாடிக்கு 550 கிலோபிட் அளவுக்கு முடுக்கிவிடும் வகையும் அதில் உண்டு. விண்டோஸில் இருந்துகொண்டு புளூடூத்தையே மேம்படுத்த வேண்டுமென்றால், யூஎஸ்பியில் செருகும் தனி டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள். அது கம்ப்யூட்டருக்கு ஒரு சவுண்ட் கார்டாகத் தெரியும், கோடெக் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அப்படி வாங்கினால் எங்கே செருகுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். யூஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் ஆவணம் வெளியிட்டது. புளூடூத்தும் அதே 2.4இல்தான், 79 தடங்களுக்கிடையே வினாடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டு ஓடுகிறது. பாட்டுகள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் பாட்டு திக்குகிறது, கழற்றினால் சரியாகிறது என்றால் குழம்ப வேண்டாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் டிரான்ஸ்மிட்டரைக் கோத்து, மேசை விளிம்பில் ரிசீவரைப் பார்த்தாற்போல வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். நம் உடம்பும் அந்த அலையை நன்றாக உறிஞ்சும், லேப்டாப்புக்கும் ரிசீவருக்கும் நடுவில் நீங்களே உட்கார்ந்திருந்தால் நீங்களும் ஒரு சுவர்தான்.

ஆனால் நீங்கள் கேட்டது சிடியைப் போல இருக்க வேண்டும் என்று. அதற்கு புளூடூத்தைச் சீர்திருத்துவதைவிட அதைக் கைவிடுவதே மேல் என்பேன். காரணம், கோடெக்கின் தரம் மட்டுமில்லை. உங்கள் எம்பி3 கோப்பு ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. லேப்டாப் அதை விரித்து, மறுபடி எஸ்பிசியில் சுருக்கி அனுப்புகிறது. முதல் சுருக்கத்தில் காதுக்குத் தெரியாது என்று ஒளித்து வைத்த இரைச்சலை இரண்டாவது சுருக்கம் அலட்சியமாகக் கிளறிவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுபோல. வைஃபையில் இந்தக் கட்டாயம் இல்லை. சிடியின் 1.4 மெகாபிட் எந்தச் சாதாரண வைஃபைக்கும் ஒரு பொருட்டே அல்ல. வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள நேரமும் இருக்கிறது.

வைஃபையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரே பாட்டை வாசித்து, வாசித்த ஒலியை உடனுக்குடன் அனுப்புவது. இன்னொன்று, கோப்பையே கொடுத்துவிடுவது. ஸ்டீரியோ பக்கத்தில் இருக்கும் பெட்டி அதை வாங்கி, சேமித்து, தானே வாசிப்பது. ஒருவருக்குக் கடிதத்தை ஃபோனில் படித்துக் காட்டுவதற்கும் கடிதத்தையே கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது வகைதான் என் சிபாரிசு.

ஆப்பிளின் ஏர்ப்ளே முதல் வகை. 2004இல் ஏர்டியூன்ஸ் என்ற பெயரில், ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சுவரில் செருகும் குட்டிப் பெட்டியோடு வந்தது. அன்றைக்கே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டை இழப்பில்லாத சுருக்கத்தில் அனுப்பியது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இது எளிது. விண்டோஸில் ஐடியூன்ஸ் வழியாகவும் முடியும். பெறுவதற்கு ஆப்பிள் பெட்டிதான் வேண்டும் என்றில்லை, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஷேர்போர்ட் சிங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டாலும் போதும்.

இங்கே ஒரு சுவாரசியமான நுணுக்கம் இருக்கிறது, பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். உடனுக்குடன் அனுப்பும் முறையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, லேப்டாப்பில் ஒன்று, பெறும் பெட்டியின் டிஏசியில் ஒன்று. இரண்டும் 44,100 என்றுதான் சொல்லும், ஆனால் அவற்றைத் துடிக்க வைக்கும் இரண்டு படிகங்கள் ஒருநாளும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள், வினாடிக்கு இரண்டு மாதிரிக்கு மேல் கூடும் அல்லது குறையும். அப்படியே விட்டால் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் சேமிப்பு வழியும் அல்லது வற்றும். ஷேர்போர்ட் சிங்க் போன்றவை அவ்வப்போது ஒரு மாதிரியைச் சேர்த்தோ நீக்கியோ சரிக்கட்டுகின்றன. காதுக்குத் தெரிவது அரிது. ஆனால் கோப்பை வாங்கி வாசிக்கும் முறையில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. டிஏசியின் கடிகாரம் ஒன்றே எஜமான், அது கேட்கிற வேகத்தில் கோப்பு வந்துகொண்டிருக்கும்.

கோப்பு வாங்கும் வகையில் எனக்குப் பிடித்தது ஸ்குவீஸ்பாக்ஸ் குடும்பம். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2003இல் முதல் ஸ்குவீஸ்பாக்ஸைக் கொண்டுவந்தது, பிறகு அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது, 2012இல் பெட்டிகள் செய்வதை நிறுத்தியது. சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் சாகவில்லை. இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. அதை லேப்டாப்பில் போட்டுப் பாட்டுகள் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். ஸ்டீரியோ பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பையில் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளைப் போடுங்கள். கைப்பேசியிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படங்களைப் பகிரும் முறை) என்று எழுதிய பெட்டி அல்லது டிவி ஏற்கெனவே இருந்தால் அதுவும் இதே வகைதான். வேலை செய்யும், ஆனால் இடைவிடாமல் ஓட வேண்டிய பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, அட்டைப் படம் காட்ட மறுப்பது என்று சில்லறைத் தொல்லைகள் அதிகம். 2015இல் வந்து 2019இல் கடையைக் கட்டிய கூகிளின் குரோம்காஸ்ட் ஆடியோ பெட்டியை யாராவது வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். அதன் ஒரே ஓட்டையிலிருந்து சாதாரண ஒலியும் வரும், அதற்கான வயரைச் செருகினால் ஆப்டிகலும் வரும்.

ராஸ்பெரி பை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சொந்த ஹெட்ஃபோன் ஓட்டையில் சரியான டிஏசி கிடையாது. வேகமாக அணைந்து எரியும் துடிப்புகளை வடிகட்டித்தான் ஒலி உண்டாக்குகிறார்கள். மெல்லிய இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்கும். 5ஆம் பதிப்பில் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். மேலே பொருத்தும் டிஏசி பலகையோ ஒரு சின்ன யூஎஸ்பி டிஏசியோ சேர்த்தே கணக்குப் போடுங்கள். இந்த இடத்தில்தான் டிஏசிக்குக் காசு போடுவது நியாயம், அதுவும் சின்னதே போதும்.

வைஃபைக்கு மாறியும் ஏமாறுகிற இடங்கள் உண்டு. பிரவுசர் ஜன்னலை அப்படியே ‘காஸ்ட்’ செய்தால் ஒலி மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகும். பழைய ஜெராக்ஸ் கதைதான். செயலிக்கு உள்ளே இருக்கும் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் பெட்டியே நேராக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை கனெக்ட்டும் அப்படித்தான். இன்னொன்று, சர்வர் மென்பொருள்கள் ‘இந்தப் பெட்டிக்கு ஃபிளாக் புரியாது’ என்று தாமாகவே முடிவு கட்டி எம்பி3 ஆக்கி அனுப்புவதுண்டு. சர்வரின் அமைப்பில் கோப்பு வகை மாற்றம் என்ற பக்கத்தைத் திறந்து, ஃபிளாக் ஃபிளாக்காகவே போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் வகையிலேயே தொடர்வதானால், அல்லது புளூடூத்தோடு நிற்பதானால், கம்ப்யூட்டரின் மிக்ஸரையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கலக்கிறது. பெரும்பாலும் 48,000 என்று வைத்திருப்பார்கள், சிடி பாட்டு 44,100. இந்த மாற்றத்தால் வரும் கேடு சின்னது, இருந்தாலும் அமைப்பில் 44,100க்கு மாற்ற ஒரு நிமிடம்தான். அதைவிடப் பெரிய கேடு ‘ஒலி மேம்பாடு’ என்ற பெயரில் லேப்டாப் தயாரிப்பாளர்கள் போட்டு வைத்திருக்கும் சமாச்சாரங்கள். லேப்டாப்பின் தீப்பெட்டி ஸ்பீக்கருக்காக பேஸைத் தூக்கி, அகலத்தைப் போலியாகக் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்கு நசுக்குவார்கள். சில கருவிகள் அதையே வெளியே அனுப்பும் ஒலிக்கும் பூசிவிடும். ஒன்று விடாமல் அணையுங்கள்.

வால்யூமை ஆம்ப்ளிஃபயரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். 16 பிட்டில் ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்புக்கும் ஒரு பிட் போகும். லேப்டாப்பில் 36 டெசிபல் குறைத்து வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் திருகிக் கூட்டினால் நீங்கள் கேட்பது 10 பிட் பாட்டும் அதோடு கூடிய இரைச்சலும். அதற்காக 100இல் வைத்தே ஆக வேண்டுமா என்றால், நான் ஒரு பொடி குறைத்து வைப்பேன். உரக்கப் பதிவு செய்த எம்பி3களை விரிக்கும்போது முகடுகள் எல்லையைத் தாண்டித் துள்ளுவதுண்டு, இரண்டு மூன்று டெசிபல் இடம் விட்டால் வெட்டுப்படாது.

வைஃபை திக்கினால் ரவுட்டரைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்குப் பாருங்கள். லேப்டாப்பும் வைஃபை, பெட்டியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பொட்டலமும் இரண்டு தடவை பறக்கிறது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு. ஏதாவது ஒன்றை வயரில் கோத்துவிட்டால் காற்றில் நெரிசல் பாதியாகும். முடிந்தால் பெட்டியைக் கோத்துவிடுங்கள், அது நகரப்போவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பிடித்தால் அதிலேயே இருங்கள். 2.4இல்தான் இருந்தாக வேண்டும் என்றால் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், நடுவே உள்ளவை இரண்டு பக்கமும் இடிக்கும். பெட்டியின் சேமிப்பு நேரத்தைச் சில வினாடிகளுக்குக் கூட்டி வையுங்கள். பாட்டுக்குத் தாமதம் ஒரு குறையே இல்லை. படம் பார்க்கும்போது மட்டும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகும்.

எம்பி3களை ஃபிளாக்காக மாற்றி வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், போனது போனதுதான். கோப்பு மட்டும் பெருத்துவிடும். சிடி இன்னும் கையில் இருந்தால் மறுபடி எடுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள், தங்க முலாம் பூசிய ஆப்டிகல் வயர், இவற்றுக்கெல்லாம் நான் பைசா செலவழிக்க மாட்டேன்.

மாற்றம் உண்மையா, மனப்பிரமையா என்று பார்க்க ஒரு வழி. ஒரே ஆல்பத்தின் சிடியையும், அதிலிருந்து எடுத்த ஃபிளாக்கையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் தேர்வுக் குமிழை வீட்டில் வேறு யாரையாவது திருப்பச் சொல்லி, நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். அதற்கு முன் இரண்டின் உரமும் (சத்த அளவும்) ஒன்றாக இருக்கும்படி சரி செய்வது முக்கியம், ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சத்தியம் செய்யும். சிடி பிளேயர்கள் வழக்கமாக 2 வோல்ட் வரை தரும், பல குட்டி ரிசீவர்கள் அதில் பாதிகூடத் தராது. நீங்கள் கேட்கும் பளிச்சில் ஒரு பங்கு இந்த உர வித்தியாசமாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கச்சேரிப் பதிவில் கைதட்டல் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்கிறதா, அரிசி கொட்டுவதுபோல ஒன்றாகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, பாடகர் ‘ஸ’ என்று முடிக்கும் ஓர் எழுத்து.

சாக்கெட்டும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் சரியாக இருந்து, வைஃபையில் ஃபிளாக் ஃபிளாக்காகவே போய், உரமும் சமமாகி, முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பத்துக்கு ஒன்பது முறை சிடியை அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால், அப்போது டிஏசி வாங்குங்கள். வாங்கும் முன் சிடி பிளேயரின் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். சில மாடல்களில் டிஜிட்டல் உள்ளீடு என்று ஒரு சாக்கெட் இருக்கும். பெட்டியின் ஆப்டிகல் வயரை அதில் செருகினால், நீங்கள் மெச்சுகிற அந்த சிடி பிளேயரின் டிஏசியே லேப்டாப் பாட்டையும் வாசித்துவிடும்.